பாம்புக்கடிக்குத் தேடினால்

இந்த அம்மா டீக்குச் சர்க்கரை ஜாஸ்தி போட்டுக்கொள்கிறார், உடம்புக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. கடலூர் வரை என்னை வரவழைத்து விசாரிக்கிற இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொல்வது முறையாக இருக்காது. தில்லையம்மாள் என்று மேசையில் பெயர்ப்பலகை இருந்தது. எனக்கும் ஒரு டம்ளர் டீ சொல்லியிருந்தார். “நிதானமா சொல்லும்மா” என்றார். நான் எப்போதும் நிதானமாகத்தான் பேசுவேன்.

என் பெயர் தாட்சாயிணி. சிதம்பரம் தெற்கு வீதியில் வீடு, வீட்டிலிருந்தே வேலை. ஒரு இணையதளம் தேடலில் முன்னால் வரவேண்டுமென்றால் மற்ற வலைப்பதிவுகள் அதற்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். பதிவர்களுக்குப் பணம் கொடுத்து அந்த இணைப்புகளை வாங்குவது என் தொழில். பதிவர் மனதாரப் பரிந்துரைக்கிறார் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை.

மதுரா என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது நர்ஸ். தன் வலைப்பதிவில் பாம்புக்கடி பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயல்காட்டு ஊர்களில் யார் போனில் தேடினாலும் அதுதான் முதலில் வரும். அந்தப் பக்கத்தில் ஒரு மூலிகை எண்ணெய்க் கம்பெனிக்கு இணைப்புக் கேட்டேன். தோழி என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தருவதாக எழுதினேன். அவள் பதில் போடவில்லை. என் செய்தியைப் பெயரோடும் படத்தோடும் எடுத்துத் தன் பதிவில் போட்டாள். ‘என் வாசகர்களுக்கு என் தோழி வைத்த விலை’ என்று தலைப்பு.

அடுத்த முகூர்த்தத்தில் கடலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் நாத்தனார் அதை வாய்விட்டுப் படித்தாள்.

“அண்ணி, எங்க வூட்டு நாய்க்கும் ஒரு லிங்க்கு வாங்கிக் குடுங்களேன். பாவம், தெருவுல அத யாருமே மதிக்க மாட்டேங்குறாங்க.”

பந்தியே சிரித்தது. என் கணவர் ரசம் ஊற்றச் சொன்னார். எதிர்வரிசையில் மதுரா இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, இரக்கத்தோடு என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால் விட்டிருப்பேன்.

அதன்பிறகு நான் அவளுக்காக இணைப்புகள் வாங்கத் தொடங்கினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காசுக்கு வாங்கிய இணைப்பு என்று தெரிந்தால் தேடுபொறி அந்தத் தளத்தையே கீழே தள்ளிவிடும். அதனால் எங்கள் தொழிலில் வார்த்தைகளை மாற்றி, பொருத்தமான பதிவுகளாகப் பார்த்து, தடயம் இல்லாமல் வாங்குவோம். மதுராவுக்கு நான் தடயத்தை மட்டும் வாங்கினேன். சினிமாக் கிசுகிசு, ராசிபலன், லாட்ஜ் விமர்சனம் என்று எல்லாப் பதிவுகளிலும் ஒரே வாக்கியம், அவள் பக்கத்துக்கு ஒரே இணைப்பு. மேல்பட்டாம்பாக்கத்தில் பிரியாணிக் கடைகளைப் பற்றி எழுதும் ராஜவேல் மட்டும் கேட்டார்.

“பிரியாணிக்கு நடுவுல பாம்பு எதுக்கு மேடம்?”

“சாப்புட வர்றவங்களையும் பாம்பு கடிக்கும்ல?”

“அது சரி” என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

சீக்கிரமே மதுராவின் பக்கம் தேடலில் காணாமல் போனது. இணைப்புகளை அவளே காசு கொடுத்து வாங்கியதாக அவளுடைய வாசகர்கள் திட்டினார்கள். அவள் மறுத்து எழுதியதையெல்லாம் நான் காலைக் காபியோடு படித்தேன். நல்ல நடை அவளுக்கு.

ஐப்பசியில் கீரப்பாளையத்துப் பக்கம் நடவுக்குப் போன ராசம்மாளைப் பாம்பு கடித்தது. அவள் மகள் இலக்கியா வரப்பிலேயே நின்று போனில் தேடியிருக்கிறாள். இறுக்கிக் கட்டு, பச்சிலை அரைத்துப் பூசு என்று சொல்கிற ஏதோ ஒரு பக்கம் முதலில் வந்தது. அது நான் எழுதியதல்ல. அந்தப் பெண் அதில் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தாள். ராசம்மாள் வழியிலேயே போய்விட்டாள்.

செய்தி பார்த்ததும் நானும் பாம்புக்கடி என்று தேடிப் பார்த்தேன். மதுராவின் பக்கம் அப்போதும் வரவில்லை. அன்றே அந்த இணைப்புகளை இன்னொரு வருடத்துக்கு எடுக்காமல் வைத்திருக்கப் பதிவர்கள் எல்லோரிடமும் காசு பேசி முடித்தேன். அப்போதுதான் ராஜவேல் பயந்துபோய் இங்கே வந்து சொல்லியிருக்கிறார்.

நான் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் வாங்கினேன். நடந்த பிறகும் வாங்கினேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன், கையெழுத்தும் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் என் போனை என் பக்கம் நகர்த்தினார்.

“கேசு பாட்டுக்குக் கேசு. காசு குடுத்தவங்க வாயால சொன்னாத்தான் பதிவு எழுதுறவங்க அந்த லிங்க்க எடுப்பாங்களாமே, அவுங்க எல்லாருக்கும் எடுத்துடச் சொல்லி ஒரு மெசேஜ் போட்டுடும்மா. இன்னும் நடவு முடியல. பொம்பளைங்க தெனம் வயல்ல எறங்குறாங்க.”

அவர் குரலில் அதிகாரம் இல்லை. கேட்டுத்தான் பார்த்தார்.

“அது மட்டும் முடியாது மேடம்.”

“ஏம்மா?”

“ஒரு வருஷம்னு வாக்கு குடுத்திருக்கேன். பேச்சு மாறினா தொழில்ல என்னை யாரு நம்புவாங்க?”

போனைக் கவிழ்த்து அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். மதுரா எழுதியதை வைத்து என்னை எடைபோட்டவர்களில் இவராவது, நான் நாணயமானவள் என்பதை இப்போது புரிந்துகொண்டிருப்பார்.