இறக்கத்தில் அணைந்த வண்டி

வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை, ஐயா. என் பிழைப்பே அதில்தான். லேப்டாப்பை வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்து, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை எங்கே குறைக்கலாம் என்று பார்த்து மாற்றிக் கொடுப்பேன்.

அக்கா வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார்.

"மச்சான், எனக்கு மாத்தலாயிடுச்சு. இனிமே மலைக்கு அந்தப் பக்கம்தான் குடித்தனம். வண்டி ரொம்பக் குடிக்குது, கொஞ்சம் பாத்து விடேன்."

நல்ல மனிதர். அக்காவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். கல்யாணமான பின்னும் எங்கள் மாடியிலேயே இருந்தார்கள். தினமும் அவள் குரல் கேட்டுத்தான் கண் விழிப்பேன். சாமான்களைக் கட்டும்போது, "நீயும் காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணிக்கடா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுவது அத்தானின் பழக்கம். பெட்ரோல் மிச்சமாம். அப்படி உருளும்போது எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதை நிறுத்தினேன். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக உருளும்போதுதான் அணையும். எஞ்சின் அணைந்தால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மிதி இறுகிவிடும்; எவ்வளவு அழுத்தினாலும் வண்டியைப் பிடிக்காது.

அக்காவை நானே பிறகு கூட்டிவருவதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவள் மேல் ஒரு கீறல் விழ நான் சம்மதிக்க மாட்டேன்.

மலையிலிருந்து போன் செய்தார். "மச்சான், எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு. பிரேக் கல்லு மாதிரி இருக்கு. என்னடா பண்றது?"

கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி அடங்கும். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

"சரியாக் கேக்கல, அத்தான்" என்றேன்.

தெளிவாகக் கேட்டது. எஞ்சின் சத்தமே இல்லை. காற்று மட்டும் இரைந்தது. "அவகிட்ட..." என்று ஏதோ தொடங்கினார். பட்டறையில் எந்த வண்டியை அணைத்தாலும் இப்போது அந்தக் காற்றுதான் வருகிறது. அதனால் ஒரு வண்டியையாவது ஓடவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புகார் கொடுத்தது அக்கா என்கிறீர்களே, அது மட்டும் இருக்காது, ஐயா. அவளுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?