இரண்டாவது ஆடியோ

எந்த ஃபைலையும் நான் திட்டியதில்லை, பஷீருதீன் பாய். மென்பொருள் ஒரு வீடியோவை வாங்க மறுத்தால், எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஃபைல் பெயரில் தமிழ் எழுத்து இருக்கும். இல்லையென்றால் யாரோ செல்போனில் எடுத்ததாக இருக்கும். வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால் சமர்த்தாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காட்டுப்பாக்கத்தில் உங்கள் ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, முடியாது என்று ஒரு கல்யாணத்தையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

நீங்கள் கேட்பது பாடியில் இருக்கும் வேம்புலியம்மாள் வீட்டு டிவிடியைப் பற்றி. சொல்கிறேன்.

அவர் மகன் கிஷோருக்கும் ஆவடிப் பெண் பவ்யாவுக்கும் கல்யாணம். எல்லாரும் பென்டிரைவ் கேட்கிற காலத்தில் அந்தம்மாள் டிவிடிதான் வேண்டும் என்றார்.

"பென்டிரைவ எவனாச்சும் அழிச்சுட்டு சினிமாப் படம் ஏத்திகினு பூடுவான். தட்டுன்னா தட்டுதான்."

வீடியோவை உள்ளே இழுத்தபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. டீக்குப் பிறகு பிடித்துவிட்டேன். கேமராக்காரர் ஒரே ஃபைலில் இரண்டு ஒலிகளைப் பதிவு செய்திருந்தார். ஒன்று மண்டபத்து மேளம். மற்றது மாப்பிள்ளையின் சட்டையில் குத்தியிருந்த மைக். மென்பொருளுக்கு அந்த இரட்டை ஒலி பிடிபடவில்லை. இரண்டையும் பிரித்து, தனித்தனியாக மாற்றி ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? கேட்டுப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அலங்காரம் செய்துகொள்ளும் காட்சிதான் முதலில் வருகிறது. அந்த அறையிலேயே மைக் ஓடத் தொடங்கியிருக்கிறது.

"சம்பந்தியம்மா கழுத்துல மாட்டிகினு கீறது அத்தினியும் கவரிங்குடா, நைனா. கிட்டக்க போய்ப் பாத்துட்டேன்," என்கிறார் வேம்புலியம்மாள்.

"சும்மா இரும்மா," என்கிறான் கிஷோர். "கொஞ்ச நாளைக்கு மூஞ்சிய சிரிச்சாப்ல வெச்சுக்க. ஆவடி ஊட்ட எழுதி வாங்கிகினு அப்பால பேசிக்கலாம்."

கல்யாண வீடுகளில் இதைவிட மோசமானதை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிவிடியில் ஒரு வசதி உண்டு. இரண்டு ஆடியோ வைக்கலாம். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். தட்டில் இடமும் மிச்சம் இருந்தது. மேளத்தை முதலாவதாகவும் மைக்கை இரண்டாவதாகவும் வைத்தேன்.

தட்டை வாங்க பவ்யாவே வந்தாள். நல்ல பெண். "அக்கா, சவுண்டு பிரச்சனைன்னீங்களே, சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாம் தெளிவா கேக்கும்மா," என்றேன்.

அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அது கோள் சொல்வதாகிவிடும். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

தாலி கட்டும் இடத்தில் மேளத்தை ஊமையாக்கியது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான். இதற்கு முன்னாலும் எத்தனையோ தட்டுகளில் இரண்டாவது ஆடியோ வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவராவது அந்தப் பட்டனைத் தொட்டிருந்தால்தானே? தொடுவது இருக்கட்டும், தட்டையே முழுசாகப் பார்ப்பதில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து வெட்டி ஒட்டியவளுக்கு மனசு கேட்குமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேம்புலியம்மாளிடமிருந்து போன் வந்தது. விருந்துக்கு இரண்டு குடும்பமும் பாடியில் கூடியிருந்தது.

"இன்னாம்மா ரோஷினி, தாலி கட்ற நேரத்துல மேளத்தையே காணோம்? சம்பந்தி ஊட்டு ஆளுங்க அல்லாரும் குந்திகினு கீறாங்கோ. மானம் போவுது."

"பதறாதீங்கம்மா. ரிமோட்ல ஆடியோன்னு ஒரு பட்டன் இருக்கும். அத ஒரு தபா அமுக்கிட்டு, முதல்லேருந்து ஓட்டுங்க. சத்தத்த மட்டும் நல்லா ஏத்தி வெச்சுக்கோங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கவரிங் வந்தது. ஆவடி வீடு வந்தது. ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டு அடங்கியது. யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அப்புறம் பவ்யாவின் குரல், ரொம்ப நிதானமாக:

"அத்த, எங்கம்மா கழுத்த எப்ப கிட்டக்க வந்து பாத்தீங்க?"

இப்போது அவள் ஆவடியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தத் தட்டை இரண்டு குடும்பமும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு வக்கீல் காப்பி கேட்டிருக்கிறார். நம் ஸ்டூடியோவில் செய்த எந்தக் கல்யாணத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்?

வேலையை விட்டு நிறுத்தப்போகிறீர்கள், தெரியும். நிறுத்துங்கள். கையில் இருந்த வேலை எதையும் நான் பாக்கி வைக்கவில்லை. உங்கள் மகள் மஹீராவின் நிக்காஹ் டிவிடியைக்கூட முடித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று உங்கள் மகன் முதஸ்ஸிர் காலையில்தான் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு மைக் உங்கள் சட்டையில் குத்தியிருந்தது, பாய்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் என்னிடம் கொடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன்.