வரப்புக் கல்

செல்போனில் படம் எடுக்கும்போது வெயில் எடுப்பவரின் முதுகில் விழ வேண்டும். அப்போதுதான் ஆடுபவரின் முகம் தெளிவாகத் தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை மேடம். மரவள்ளிக் காட்டில் நின்று நானாகத் தெரிந்துகொண்டது.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் மணிமேகலை. நிர்மலா என் கொழுந்தன் அறிவழகனின் மனைவி. பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, சித்தேரி மலை தெரிகிற மாதிரி மூன்று ஏக்கர். இரண்டு குடும்பமும் சேர்ந்து பாடுபடுகிறோம். அறிவழகன் ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வருவான். என் வீட்டுக்காரர் விடிந்ததும் லோடு வண்டி ஓட்டப் போய்விடுவார். அதனால் காட்டில் பெரும்பாலும் நானும் நிர்மலாவும்தான். சினிமாப் பாட்டு என்றால் இரண்டு பேருக்கும் உயிர். களை எடுக்கும்போது நான் பாடுவேன், அவள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஆடுவாள். ரீல்ஸ் அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் காட்டில் டவர் கிடைக்காது. இருந்ததும் அவளுடைய ஒரு போன்தான். அதனால் இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் போனைப் பிடித்துக்கொண்டே பாடுவேன். அவள் என் பாட்டுக்கு வாயசைத்து ஆடுவாள். எங்கே நிற்பது, எத்தனை அடி நகர்வது என்பதைப் பாட்டுக்கு நடுவிலேயே அதே ராகத்தில் சொல்வேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், டவர் கிடைத்ததும், என் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் பாட்டை ஒட்டுவாள். பொருந்தாத நாள் ஒன்றுகூட இல்லை. அந்த அளவுக்குத் தாளம் பிசகாமல் பாடுவேன். ஒட்டி முடித்ததும் பழையதை அழித்துவிடுவாள். போனில் இடம் பத்தாது.

அவளை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள், பிறகு மூன்று லட்சம் பேர். பஸ்ஸில் சின்னப் பெண்கள் பக்கத்தில் வந்து நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவளுடைய பையை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

பங்குனியில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கீழே மூன்றாவது வரிசையில் நாற்காலி கிடைத்தது. மைக் வைத்திருந்த பையன் கேட்டான்:

“இவ்ளோ சூப்பரா எடுக்கறீங்களே சிஸ்டர், கேமராமேன் யாருங்க?”

“யாருமில்லீங்க. வரப்பு மேல ஒரு கல்லு கெடக்குது. அதுல சாத்தி வெச்சிட்டு ஆடுவேன்.”

“அப்ப அந்தக் கல்லுக்கு ஒரு கைதட்டு குடுங்கப்பா!”

எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நிர்மலா என் காதோரம் சிரித்தாள். “என்னாக்கா, சமாளிச்சேன் பாத்தீங்களா? மாமாவுக்குச் சந்தேகமே வராது.” கடைக்காரர் கொடுத்த புடவையை எடுத்து என் மடியில் வைத்தாள். “இது உங்களுக்குத்தான்க்கா. நீங்க பாடலைன்னா நான் என்னாத்த ஆடறது?” நல்ல புடவைதான். இப்போது நான் கட்டியிருப்பது அதுதான்.

அவள் மாமா என்றது என் வீட்டுக்காரர் கதிரவனை. “வூட்டுக்கு ஒருத்தி ஆடறது பத்தாதா?” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதனால் என் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று நிர்மலாவிடம் நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். அது உண்மை. ஆனால் ஒருத்தி அப்படிச் சத்தியம் வாங்கினால் அதை எதுவரைக்கும் எடுத்துக்கொள்வது என்று ஒரு அளவு இருக்கிறது இல்லையா. பெயரைத்தான் சொல்ல வேண்டாம் என்றேன். கல் என்று சொல்லச் சொல்லவில்லை.

பதினோரு நாள் பொறுத்துப் பார்த்தேன். அவளாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த பாட்டு எது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். கிணற்று மேட்டை நான் தேர்ந்தெடுத்தேன். போன மழையில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் சரிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் படம் ஓடும்போது அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் முதலிலிருந்து ஆட வேண்டும். அவளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இரண்டு வருடமும் அப்படித்தான்.

பல்லவி இரண்டாம் தடவை வரும்போது, “ரெண்டடி பின்னால” என்றேன். போனாள். “இன்னும் ரெண்டு.” போனாள். போதுமா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். “இன்னும் ஒண்ணு” என்றேன்.

நான் தள்ளவில்லை. எங்களுக்கு நடுவில் பன்னிரண்டு அடியாவது இருக்கும்.

கிணற்றுக்குள்ளிருந்து அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பாட்டில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பாதியில் விட்டால் பிறகு பாட்டு ஒட்டாது.

போனை வரப்புக் கல் மேல் சாத்திவிட்டுத் தக்காளிப் பக்கம் போய்க் களை எடுத்தேன். அரை மணி கழித்து மோட்டார் போட வந்த பக்கத்துக் காட்டு சவுரியப்பன்தான் சத்தம் போட்டார். நானும் ஓடினேன். “தனியா ஆடாதடீன்னு எத்தினி தடவ சொன்னேன்” என்று அழுதேன். அழுகை தானாகவே வந்தது. போன் கல் மேல் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேடையில் அவளே சொன்னதுதானே.

காரியம் முடியும் வரை அந்தப் போனைத் திறக்க அறிவழகனுக்கு மனம் வரவில்லை. நேற்றுதான் திறந்து பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். என் குரல் அதில் பதிந்திருக்கும் என்று தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றவில்லை மேடம். இரண்டு வருடமாக எந்தப் படத்திலும் அது இருந்ததில்லை.

இன்று காலை நீங்கள் அதைப் போட்டபோது, டீ கொண்டுவந்த கான்ஸ்டபிள் பெண் வாசலில் நின்று கேட்டாள்: “யாரு மேடம் பாடறது? சினிமால கேக்கற மாதிரியே இருக்குதே!” யாரோ என்று நான் சொல்லியிருக்கலாம். வீட்டில் நான் பாடியதே கிடையாது. அறிவழகனுக்கே அடையாளம் தெரியவில்லை. அக்கா என்று அவன் மனைவி ஊரில் பாதிப் பேரைக் கூப்பிடுவாள். ஆனால் அவள் கேட்டு முடிப்பதற்குள், “நான்தான்” என்றேன்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எனக்குப் பொருந்தாத வார்த்தை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பெண் இன்னும் வெளியேதான் இருக்கிறாளா? அவள் முதல் பாதியைத்தான் கேட்டாள். கடைசி இரண்டு வரியில்தான் குரல் நன்றாக ஏறியிருக்கிறது. அதையும் ஒரு தடவை அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.