மீன் வேண்டாம், ஐஸ் போதும்

ஏற்காடு மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா கடைக்காரரிடம் சொன்னார்: "மீன் வேண்டாங்கண்ணா. ஐஸ் மட்டும் ஒரு கூடை கொடுங்க."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஐஸ்ல என்ன கொழம்புங்கக்கா வெப்பீங்க?" என்றார் கடைக்காரர்.

"நாங்க வாடகைக்கு விடற கேரவனுக்குங்க, சமையக்கட்டு வெச்ச வண்டி. பாத்திரம் கழுவுன தண்ணி சேர்ற டேங்க் நொம்ப நாறுது. ஐஸு, உப்பு, சோப்புத்தண்ணி ஊத்தி மலையிறங்குனா, வளைவுக்கு வளைவு ஐஸு உருண்டு அழுக்கத் தேச்சுரும்."

"மீன் நாத்தம் சேந்துக்கப் போவுதுங்க!"

"அதான் மீனுமேல கெடக்காத ஐஸா கேக்கறேன். நாத்தம் போவலைன்னா வண்டிய வித்தரலாம்ங்கறாரு ஊட்டுக்காரரு."

"இதுலயும் போவலைன்னா?"

"அடிவாரத்துல மூடியத் தொறந்து மோந்து பாப்பேன். நாறுச்சுன்னா மறுக்கா ஏறி வருவேன். எதுக்கும் இன்னொரு கூடை எடுத்து வைங்க."