ஓடாத மூன்று நிமிடப் படம்

மேடையில் வீற்றிருக்கும் நம் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி, அவர் மடியில் இருக்கும் சின்னவளே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

பத்து நாட்களுக்கு முன் நாம் இழந்த இயக்குநர் அண்ணனுக்கு நாம் வைத்த பெயர் 'கைக்குட்டை'. அவருடைய விளம்பரத்தைப் பார்த்துக் கைக்குட்டையைத் தேடாதவர் இந்த அவையில் உண்டா? பல் முளைக்காத சிரிப்பைக் காட்டிச் சோப்பு விற்றார். வாசலில் காத்திருக்கும் நாய்க்குட்டியைக் காட்டிப் பூட்டு விற்றார். ஆம், விற்றார்! அதை அவர் மறைத்ததே இல்லை. "அடுத்தவங்க மனசு வழியா கையை விட்டுப் பையில இருக்கிறதை எடுக்கிறோம்மா. கையாவது சுத்தமா இருக்க வேணாமா?" என்பார்.

ஒரு காப்பீட்டு விளம்பரம். ஐந்து வயதுக் குழந்தை அழ வேண்டும். அவளுக்கோ சிரிப்பு அடங்கவில்லை. அண்ணன் விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உதவி இயக்குநரான நான் அவள் காதருகே குனிந்து, "உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அழுதாள். எப்படி அழுதாள்! கேமரா ஓடியது. காப்பீட்டு அதிகாரியே கண்ணைத் துடைத்தார்.

"என்னம்மா சொன்ன அவகிட்ட?"

சொன்னேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கிப்போய் அம்மாவிடம் கொடுத்தார். திரும்பி வந்து, எல்லோர் முன்னிலையிலும் அந்தக் காட்சியை அழித்தார்.

"சார், இதைவிட நல்ல ஷாட் கிடைக்குமா?" என்று பதறினார் அதிகாரி.

"கிடைக்காது சார். நடிச்சிருந்தா நம்ம சரக்கு. இது அவளோடது."

அந்த வேலை நம் கையைவிட்டுப் போனது.

தோழர்களே, இந்தத் திரை ஏன் இருண்டு கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்காக மூன்று நிமிட அஞ்சலிப் படம் ஒன்றைத் தொகுத்தேன். அண்ணன் போன மறுநாள் யாரோ கைப்பேசியில் எடுத்த காட்சி: சின்னவள் அப்பாவின் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு வாசலையே பார்த்து நிற்கிறாள். பியானோ சேர்த்தேன். கடைசியில் நம் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தேன். பார்த்துப் பார்த்து நானே அழுதேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

இன்று காலை இங்கே ஓட்டிப் பார்த்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, அது அப்பா ஷூ. அதை எதுக்கு எல்லாருக்கும் காட்டுறீங்க?"

அவள் கண்முன்னாலேயே படத்தை அழித்துவிட்டேன்.

தலைவர் அவர்களே, நீங்கள் என்னைப் பார்ப்பது தெரிகிறது. உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள். ஆனால் அண்ணன் விட்டுச் சென்ற நாற்காலி எனக்கு என்றால், இதுவே அதில் அமர்ந்து நான் செய்யும் முதல் வேலை. எந்தக் குழந்தையின் மெய்யான கண்ணீரும் இனி நம் கேமராவுக்குள் வராது.

அண்ணி, அழுகை வந்தால் அழுங்கள். நாங்களும் அழுகிறோம். இந்தக் கண்ணீர் எதையும் விற்காது.