ஹேப்பினஸ் கிளப்புக்கு வந்த அறுபத்து மூணு பேர்

ஆமா மேடம், ஒரிஜினல் அட்டெண்டன்ஸ் ஷீட்தான். ஒரிஜினல்னா, ஜெராக்ஸ் இல்லன்னு அர்த்தம். நீல மை இருக்கு, கறுப்பு இருக்கு, நடுவுல ரெண்டு பேர் பச்சையில போட்டிருக்காங்க பாருங்க. பச்சையில போடக்கூடாதுதான். ஆனா அறுபத்து மூணு பேர் வந்தாங்கன்னா அதுல ரெண்டு பேராவது விவரம் தெரியாதவங்களா இருக்கணும் இல்ல.

உக்காரலாமா? தேங்க்ஸ் மேடம். டீன் சார் இருந்தா நின்னுகிட்டேதான் பதில் சொல்லணும். கரஸ்பாண்டன்ட் அய்யா கூப்பிட்டாருன்னு போயிருக்காரு, எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அய்யா ரூம்ல மொதல்ல காபி வரும், அப்புறந்தான் பேச்சு.

எவாஞ்சலின் மேடம். இசிஇ, ரெண்டாவது வருஷம். வீடு கள்ளிக்குப்பம். ஹேப்பினஸ் கிளப்புக்கு நான்தான் செக்ரட்டரி. யோகா கிளப்புக்கும் நான்தான். பசுமை மன்றத்துல துணைத் தலைவி. ரோபோ கிளப்ல சும்மா மெம்பர். இல்ல மேடம், ரோபோவ நான் பாத்ததில்ல. அதுவும் என்னை மாதிரி பேருக்கு ஒரு மெம்பரா இருக்கும்.

மொத்தம் முப்பத்தோரு கிளப். காலேஜுக்கு கிரேடு குடுக்க டீம் வருதுன்னு போன வருஷம் ஒரே வாரத்துல பதினாலு கிளப் பொறந்துச்சு. பிரசவ ஆஸ்பத்திரி கூட அவ்வளவு வேகமா வேலை பாக்காது. ஒவ்வொண்ணுக்கும் தொடக்க விழா, குத்துவிளக்கு, பேனர். பேனர்ல கிளப் பேரு சின்னதா இருக்கும், அய்யா சிரிச்ச முகம் பெருசா இருக்கும். தேதி மட்டும் ஸ்டிக்கர், உரிச்சு மாத்திக்கலாம். பசுமை மன்றம் இதுவரைக்கும் ஒன்பது தடவை மரம் நட்டிருக்கு. ஒரே கன்னு. போட்டோ எடுத்ததும் திரும்பத் தொட்டியில வெச்சு வராண்டாவுக்குக் கொண்டுவந்துருவோம். நல்ல கன்னு மேடம், அடம் பிடிக்காது.

வர்றேன் மேடம், விஷயத்துக்குத்தான் வர்றேன்.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை, ஹேப்பினஸ் கிளப் தொடக்க விழா. மூணு மணிக்கு ஆரம்பிச்சு மூணே காலுக்கு முடிஞ்சிருச்சு. சந்தோஷத்துக்கு அவ்வளவு போதும்னு நெனச்சிருப்பாங்க. ஹால்ல இருந்தது பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் ஹவுஸ்கீப்பிங். ஞானம்மாள் அக்காவுக்கு யூனிஃபார்ம் மேலயே ஒரு கிளப் டீ-ஷர்ட்ட மாட்டிவிட்டு மூணாவது வரிசையில உக்கார வெச்சோம். ஃபைல்ல போட்டோ இருக்கும், பாருங்க. அக்கா கையில மாப்பு தெரியுதா? அத மட்டும் வெட்ட மறந்துட்டாங்க. நீங்க காலையில விசாரிச்சீங்களே ஜெகதீஷ், அவன் அதுல எங்கயாவது தெரியறானா? பின்வரிசையில இருந்தான்னு சொல்லுவாங்க. அன்னிக்குப் பின்வரிசையே இல்ல மேடம்.

மூணே முக்காலுக்கு ஞானம்மாள் அக்கா பேனர சுருட்டப் போனாங்க. அப்பதான் பாத்திருக்காங்க. சிரிச்சுகிட்டிருக்கற அய்யா படத்துல, கண்ணுக்குக் கீழ, ரெண்டு சொட்டுக் கண்ணீர். மார்க்கர்ல வரைஞ்சது. வேற ஒண்ணும் இல்ல. கொம்பு இல்ல, மீசை இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. நாலு மணிக்கு மேல நானும் கிட்டப் போய்ப் பாத்தேன். ஒரு சொட்டு இப்பத்தான் வந்த மாதிரி, இன்னொண்ணு பாதி வழியில நின்ன மாதிரி. சிரிப்போட அது நல்லாவே பொருந்துச்சு.

யாருன்னு எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. ஹால் கதவு தொறந்தேதான் கெடந்துச்சு, யாரும் போயிருக்கலாம். ஆனா டீன் சாருக்குக் கதவு ஆதாரம் இல்ல, ஷீட்டுதான் ஆதாரம். அறுபத்து மூணு பேர் வந்திருக்காங்க, அதுல ஒருத்தன்தான் வரைஞ்சிருக்கணும். அறுபத்து மூணு பேர்ல யாருன்னு தேடினா, நாப்பத்தோராவது பேரு ஜெகதீஷ். அவனைத்தான் அவங்களுக்கு ஏற்கெனவே பிடிக்காதே.

ஏன்னு அவங்க சொல்லலையா? தண்ணித்தொட்டி விஷயம் மேடம்.

மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னாடி ஒரு பெரிய தண்ணித்தொட்டி இருக்கு, அடியில நல்ல நிழல். போன வருஷத்துலேர்ந்து அங்க ஜெகதீஷ் ஒரு கூட்டம் நடத்தறான். அரியர் மன்றம்னு நாங்களா பேர் வெச்சுகிட்டோம். பேனர் கெடையாது. அரியர் வெச்சவங்க மட்டும் சேரலாம். கிளியர் பண்ணிட்டா வெளிய போயிரணும், அது ஒண்ணுதான் சட்டம். ஒருத்தரும் போகல. முகமது ஆசிக் எல்லாத்தையும் கிளியர் பண்ணி ஆறு மாசம் ஆச்சு, தினம் வந்து மத்தவங்களுக்குச் சொல்லித்தர்றான். வெளிய போடான்னா, இருங்கடா, அடுத்த செமஸ்டர்ல எப்படியாவது ஒண்ணு வெச்சிர்றேன்றான். ஜெகதீஷுக்கு ஒரு அரியர் கூட இல்ல மேடம். அவன் எப்படித் தலைவரானான்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல.

எனக்கா? நாலு. அதுல மூணாவது செமஸ்டர் மேத்ஸும் ஒண்ணு.

ஆக இந்த காலேஜ்ல கூடாத மன்றம் முப்பத்தொண்ணு, தினம் கூடற மன்றம் ஒண்ணு. அந்த ஒண்ணுக்கு ஆபீஸ்ல வெச்சிருக்கற பேரு, அனுமதியற்ற கூட்டம். டீன் சார் ரெண்டு தடவை வந்து விரட்டினாரு. ரெண்டாவது தடவை ஜெகதீஷ், சார், அப்ப நாங்க எங்க சார் போய்ப் படிக்கறதுன்னு கேட்டுட்டான். திமிரா எல்லாம் கேக்கல. நெஜமாவே எடம் கேட்டான். திருமழிசை பையன் மேடம், அவங்க அம்மா அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பேக்கிங் வேலைக்குப் போறாங்க. நாலாவது செமஸ்டர் நடுவுல, நன்னடத்தை இல்லன்னு எழுதி டிசி குடுத்தா, அவனை எந்த காலேஜ் சேத்துக்கும்? உங்களுக்குத் தெரியாததா.

இல்ல மேடம், கேட்டு வந்து சொல்லல. பாத்தத சொல்றேன். அன்னிக்கு மூணே கால்லேர்ந்து நாலு வரைக்கும் அவன் தொட்டிக்கிட்டதான் இருந்தான். விழா முடிஞ்சதும் நானும் நேரா அங்கதான் போனேன். இந்த ஷீட்டோட.

எல்லாம் நான் போட்டதுதான் மேடம். அறுபத்து மூணும்.

கோவமா? பரவால்ல, திட்டுங்க.

மொத வருஷம் யோகா தினத்தப்போ ஹேமாவதி மேடம் ஒரு ஷீட்டைக் குடுத்து, மீதிய வாங்கிட்டு வாம்மான்னாங்க. கிளப்புங்களுக்கு எல்லாம் அவங்கதான் இன்சார்ஜ். பன்னெண்டு கையெழுத்துதான் இருந்துச்சு, காலேஜ் பஸ் கெளம்பிருச்சு, ஒருத்தரும் இல்ல. நானே நாப்பது போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. பஸ்ஸ விட்டுட்டியா, எப்படி வீட்டுக்குப் போவேன்னு மட்டும் கேட்டாங்க. மறுநாள் நான் செக்ரட்டரி. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன் மேடம். முப்பத்தோரு ஃபைல், வாரத்துக்கு இருபது கிளாஸ், ஸ்டாஃப் ரூம்ல அவங்க டிபன் பாக்ஸ் சாயங்காலம் வரைக்கும் மூடியே இருக்கும்.

அதுக்கப்புறம் கை பழகிருச்சு. ரோஷினி, இங்கிலீஷ் ஐ எழுத்துக்கு மேல புள்ளிக்கு பதிலா ஹார்ட்டின் போடுவா. பவ்யா ஸ்கூல் பிள்ளை மாதிரி முழுப் பேரையும் எழுதுவா. மெக்கானிக்கல் பசங்களுது முள்ளுக்கம்பி மாதிரி இருக்கும், ஒண்ணு கத்துகிட்டா எல்லாருக்கும் ஆகும். ஏழு பேருக்கு ஒரு தடவை பேனா மாத்துவேன், பத்து பேருக்கு ஒரு தடவை உக்கார்ற விதத்த மாத்துவேன். எல்லார் கையும் எனக்கு வரும். என் கையெழுத்துதான் இப்பெல்லாம் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் வர்றதில்ல. பேங்க்ல போன மாசம் திருப்பி அனுப்பிட்டாங்க.

நாப்பத்தொண்ணப் பாருங்க மேடம். ஜெகதீஷ்ங்கற பேருல கடைசியில ஒரு வால் இழுத்துகிட்டுப் போகுது, நாப்பத்திரெண்டாவது கட்டத்துக்குள்ள. தெரியுதா? அன்னிக்கு அவன் எனக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டிட்டு, போட்டுப் பாருன்னு நோட்ட என் பக்கம் தள்ளினான். நான் நோட்டுக்கு மேல ஷீட்ட வெச்சுப் போட்டுகிட்டிருந்தேன். எட்டிப் பாத்தான். இன்னா எவா, என் பேருக்கு வால் கம்மியா கீது, நல்லா இஸ்த்து உடுன்னான். இழுத்து உட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவன் ஹால்ல இருந்தான்னு காட்ற ஒரே ஆதாரம் அந்த வால்தான். அது அவன் பக்கத்துல உக்காந்து, அவனே கேட்டு, தொட்டிக்கு அடியில போட்டது.

அவன் உங்ககிட்ட என்ன சொன்னான் மேடம், காலையில? வரலைன்னு மட்டும் சொல்லியிருப்பான். இது உன் கையெழுத்துதானேன்னு கேட்டப்போ? பேசாம நின்னான் இல்ல. தெரியும். என்கிட்டயும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நேத்து கூட வந்து, எவா, அஞ்சாவது யூனிட்ட உட்றாத, அதுலேர்ந்துதான் கேப்பாங்கன்னு சொல்லிட்டுப் போறான்.

உண்மையான ஷீட்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போன்னுதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. சொல்லிட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது. மாத்திச் சொன்னா, அவனுக்கு எழுதி வெச்ச டிசியில பேர மட்டும் மாத்தினாப் போதும். ஸ்டிக்கர் ஒட்டறதுல இங்க எல்லாரும் கெட்டிக்காரங்க.

இல்ல மேடம், தண்ணி வேணாம்.

அந்த ஃபைல்ல கடைசித் தாளத் திருப்பிப் பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. டீன் சார் வந்ததும் மேடம் வாங்க சாப்பிடலாம்னு கூட்டிட்டுப் போயிருவாரு. உங்கள யாரும் எதுலயும் கையெழுத்து கேக்கமாட்டாங்க. ஏன்னு நீங்களும் யோசிக்க மாட்டீங்க. அப்புறம் கார் வரைக்கும் வந்து மரியாதையா வழியனுப்புவாங்க.

இன்னிக்கு நடக்கற விசாரணையோட தீர்மானம் அது. முழுமையாக விசாரித்து, மாணவர் ஜெகதீஷை நீக்க ஒருமனதாக முடிவு செய்யப்பட்டதுன்னு இருக்கும். கீழ விசாரணைக் கமிட்டியில இருக்கற அஞ்சு பேரும் கையெழுத்து போட்டிருக்காங்க. மூணாவதா கலைவாணி, ஓய்வு பெற்ற நீதிபதின்னு நீங்க. போன மகளிர் தினத்துக்கு வந்தப்போ விசிட்டர்ஸ் புக்ல எழுதினீங்க இல்ல, அதப் பாத்து நேத்து சாயங்காலம் போட்டேன். மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன் மேடம். படிச்சிட்டுத்தான் அஞ்சையும் போட்டேன்.

செருப்புச் சத்தம் கேக்குது, டீன் சார்தான். அந்தத் தாள்ல கீழ கொஞ்சம் எடம் விட்டிருக்கு. அதுல உங்க கையால ஒண்ணு போடுங்க மேடம். ரெண்டும் வேற வேறயா இருந்தாப் போதும்.