மறைக்கப்பட்ட கம்மல்

பேருந்தில் கைபேசியைச் சத்தமாக வைக்கக் கூடாது என்பது விதி. கச்சிராயபாளையம் பேருந்தில் அந்த அறிவிப்புக்குக் கீழேயே இரண்டு இளைஞர்கள் சீன ராப் போட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

“இன்னாடா, அவன் காது மட்டும் கலங்கலா தெரியுது?”

“கம்மல் போட்டுக்கினு இருக்கான்ல. அங்க டிவில ஆம்பள கம்மல் காட்டக் கூடாதாம், மறைச்சுட்டாங்க.”

“எங்க தாத்தா கடுக்கன் போட்டுக்கினே பஞ்சாயத்துக்குப் போனாரு. இதப் பாத்துதான் நீயும் உன் கம்மல கழட்டிட்டியா?”

“சென்னை ராப் ஷோவுக்கு வீடியோ அனுப்பி நாலு மாசமா பதிலே இல்ல மச்சான். கம்மலும் நீள முடியும்தான் காரணமோன்னு நேத்து முடியையும் ஒட்ட வெட்டிட்டேன்.”

கைபேசி ஒலித்தது. முடி வெட்டியவன் வந்த செய்தியை உரக்கப் படித்தான்: “தேர்வாகிவிட்டீர்கள். அதே கம்மல், அதே நீள முடியுடன் நாளை வரவும்.”

“கம்மல மாட்டிக்கலாம். முடிக்கு இன்னா பண்ணுவ?”

முடி போனது ஆடி பதினேழு. பதில் வந்தது ஆடி பதினெட்டு.